உறவில்லை என்று சொல்லிவிட்டேன். இனி உடலைக் கேட்கலாமா?

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் கடிதத்தைச் சற்றே சுருக்கி முதலில் தருகிறேன்.

"எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் தனியாக வாழ்ந்த பெரியவருக்கு ஆறு ஆண்டுகளாக மதியச் சோறு கொடுத்து வந்தேன். வயது எண்பதைத் தாண்டியவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிறகு காவலாளியாக இருந்தார். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தார். சிறு வயதில் தகப்பனாரோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்ததாகச் சொல்வார். குடும்பத்தைப் பற்றி அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மூச்சுத் திணறல் வந்து ஆம்புலன்சில் அனுப்பி வைத்தோம். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். மருத்துவமனையில் நீங்கள் வாரிசா என்று கேட்டார்கள். மருத்துவக் கட்டணமும் அவருடைய கடன்களும் என் தலையில் விழுமோ என்று பயந்து, இல்லை, பக்கத்து வீடுதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பி விட்டேன். இன்றோடு ஒன்பது நாள். உடல் இன்னும் சவக்கிடங்கில் இருக்கிறதாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது போய்க் கேட்டால் கொடுப்பார்களா? முன்பு இல்லை என்றவள்தானே என்று விரட்டுவார்களா? யாருமே போகாவிட்டால் அவரை என்ன செய்வார்கள்? அவர் அறையில் முருகன் படமும் இருக்கிறது, வேளாங்கண்ணி மாதா படமும் இருக்கிறது. எந்த முறைப்படி செய்வது? என் கணவர் எரிப்பதுதான் முறை என்கிறார். கொள்ளி வைக்க ஆண்பிள்ளை வேண்டாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்று மாலையே தொலைபேசியில் பேசி, மறுநாள் காலையில் மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அப்போது அவசரத்தில் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து, உங்கள் அனுமதியோடு இப்போது விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால், நீங்கள் கேட்ட அதே கேள்விகளோடு சவக்கிடங்கின் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் பலரை நான் அறிவேன். அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளராக 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் என் மேசையில் அதிக நாள் கிடந்த கோப்புகள், உறவு யாரென்று தெரியாமல் இறந்தவர்களுடையவை.

நீங்கள் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். மருத்துவமனை ஊழியர் மலாயில் 'வாரிஸ்' என்று கேட்கும்போது, இறந்தவரின் நெருங்கிய உறவினர் நீங்களா, உடலைப் பொறுப்பேற்க ஆள் உண்டா என்றுதான் கேட்கிறார். அரபியிலிருந்து அதே சொல் தமிழுக்கும் வந்து 'வாரிசு' ஆகியிருக்கிறது. ஆனால் நம் காதில் அது சொத்துக்கும் கடனுக்கும் உரியவர் என்றே விழுகிறது. கேட்டவர் ஒன்றைக் கேட்க, நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஒரு சொல்லின் மயக்கத்தால் எத்தனையோ தமிழர்கள், இறந்தவருக்குச் செய்ய மனமிருந்தும், கையெழுத்திடப் பயந்து விலகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் மீண்டும் போவதால் உங்களை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். தேடி அலுத்த கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிக்கு, இறந்தவரை அறிந்த ஒருவர் தாமாகவே திரும்பி வருவதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கடன் பற்றிய அச்சத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஒருவர் விட்டுச் சென்ற கடன் அவர் விட்டுச் சென்ற உடைமையிலிருந்து தீர்க்கப்பட வேண்டியது. அவரை அடக்கம் செய்தவர் தம் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. மருத்துவமனையில் சேர்க்கும்போது கட்டணத்துக்குப் பொறுப்பேற்பதாக நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் மட்டும் அது வேறு செய்தி. அப்படி எதிலும் கையெழுத்திடவில்லை என்று தொலைபேசியில் சொன்னீர்கள். நிலுவை இருந்தால், மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் இறந்தவரின் நிலையைச் சொல்லி விலக்கு கேட்க வழியுண்டு. அந்தப் பிரிவைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. அது அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாது.

இதே கையோடு ஓர் எச்சரிக்கை. பெரியவரின் வங்கி அட்டை உங்களிடம் இருப்பதாகவும், மருந்து வாங்கப் பணம் எடுத்து வரும்படி அவரே இரகசிய எண்ணைச் சொல்லியிருந்ததாகவும் கூறினீர்கள். அவர் இறந்த நொடியிலிருந்து அந்தப் பணத்தில் நீங்களோ நானோ கைவைக்கக் கூடாது, சவப்பெட்டி வாங்குவதற்குக்கூட. அட்டையை உறையிலிட்டுப் போலீசாரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து யாருக்கு என்பதை 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் ஒருவருமே இல்லையென்றால் அது அரசாங்கத்தைச் சேரும். நல்ல எண்ணத்தோடு ஐந்நூறு வெள்ளியை எடுத்துச் செலவழித்தவர்கள் பின்னால் விளக்கம் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறார்கள்.

யாரும் போகாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். உங்கள் பெரியவரைப் போல அடையாள அட்டையோடு வார்டில் இறந்தவருக்கு, இறப்பின் காரணத்தை மருத்துவரே சான்றளித்துவிடுவார். காரணம் தெரியாமலோ சந்தேகத்துக்குரியதாகவோ இருந்தால்தான் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும். உறவினர் வராதபோது மருத்துவமனை போலீசாருக்குத் தெரிவிக்கும். தேசியப் பதிவு இலாகாவின் ஆவணங்களில் மனைவி, பிள்ளை, பழைய முகவரி என்று ஏதேனும் இருக்கிறதா என்று தேடுவார்கள். பத்திரிகைகள் வழியாகவும் உறவினரைத் தேடி அறிவிப்பு வெளியிடுவதுண்டு. யாரும் கிடைக்காவிட்டால், முஸ்லிமாக இருப்பவரின் நல்லடக்கத்தை இஸ்லாமிய சமய அதிகாரிகள் பொறுப்பேற்பார்கள். மற்றவர்களை, முன்வரும் சங்கமோ மருத்துவமனை அமர்த்தும் ஈமச்சடங்குக் குத்தகையாளரோ எடுத்துச் சென்று அடக்கம் செய்வார்கள். உடலை எங்கும் தூக்கி எறிந்துவிட மாட்டார்கள். சவக்கிடங்கில் வேலை செய்யும் மனிதர்கள் பலர், பெயர் தெரியாதவர் முன்பும் ஒரு கணம் தலை தாழ்த்தியே பெட்டியை மூடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எனினும் அந்தப் பயணத்தில் இறந்தவரைத் தெரிந்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். அவர் எந்த ஊர், தகப்பன் பெயர் என்ன, எதைச் சாப்பிட்டார், எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார் என்று கேட்டுச் சொல்ல ஆள் இருக்காது. கோப்பில் ஒரு வரியோடு முடிந்துவிடும்.

உங்களிடம் இருப்பதும் மருத்துவமனையிடம் இல்லாததும் அதுதான். ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, உடலைக் கேட்பதற்கும் முன்பாக, தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பதிய வைப்பது. காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்யும்போது 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். ஆறு ஆண்டுகளாக உணவு கொடுத்தது, எந்தத் தேதியில் ஆம்புலன்சை அழைத்தது, அவர் நாகப்பட்டினம் என்று சொன்னது, ரஜூலாவில் வந்தது, துறைமுகத்தில் எந்தக் குத்தகைக்காரரிடம் வேலை செய்தார் என்பது, வலது முழங்காலில் இருந்த பழைய தழும்பு, எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ரஜூலா 1926இலிருந்து 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம்மவர்களைச் சுமந்த கப்பல். எண்பது வயதுக்காரர் சிறுவனாக அதில் வந்தார் என்றால் அது ஐம்பதுகளை ஒட்டிய காலமாக இருக்க வேண்டும். அவர் கதையாகச் சொன்னது, தேடுகிறவருக்கு ஒரு காலத்தையும் ஒரு துறைமுகத்தையும் கையில் கொடுக்கிறது.

உறவினர் அல்லாதவர் உடலைப் பெறுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1957ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே, இறப்பைத் தெரிவிக்கும் பொறுப்பை உறவினரோடு நிறுத்தவில்லை. உறவினர் இல்லாத இடத்தில் இறக்கும்போது உடனிருந்தவரும், உடலை அடக்கம் செய்யப் பொறுப்பேற்பவரும் அந்த இடத்தில் நிற்கலாம். மருத்துவமனைகள் பொதுவாகக் கேட்பவை, உங்கள் அடையாள அட்டை, போலீஸ் புகாரின் நகல், உறவினர் யாரும் உரிமை கோரவில்லை என்பதற்கான போலீசாரின் ஒப்புதல், சில இடங்களில் சத்தியப் பிரமாண ஆணையர் முன்பாகச் செய்த உறுதிமொழி. இது மருத்துவமனைக்கு மருத்துவமனை சிறிது மாறும் என்பதால், முதலில் சவக்கிடங்கு அலுவலகத்தில் பட்டியலைக் கேட்டு வாங்கிய பின் காவல் நிலையத்துக்குப் போங்கள்; தலைகீழாகப் போய் மூன்று முறை அலைந்தவர்கள் உண்டு. இறப்பு ஏற்கெனவே பதிவாகிவிட்டதா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். பதிவாகவில்லையென்றால் தாமதப் பதிவுக்கு என்ன வேண்டும் என்று பதிவு இலாகாவில் சொல்வார்கள். அடக்க அனுமதிக் கடிதம் கையில் வராமல் சவ வண்டியை ஏற்பாடு செய்யாதீர்கள்.

இனி, எரிப்பதா புதைப்பதா என்ற கேள்வி. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு; அது வந்த விதத்தையும் சொல்ல வேண்டும்.

பணியில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்த ஒருவர், பேசும் நிலையிலேயே இல்லாமல் இறந்துபோனார். சட்டைப் பையில் அட்டை எதுவும் இல்லை. நாற்பது வயதிருக்கும், கழுத்தில் கறுப்புக் கயிறு, பார்த்தவர்கள் எல்லோரும் தமிழர் என்றார்கள். ஐந்து வாரம் ஆனது. நல்லுள்ளம் கொண்ட சிலர் முன்வந்து, எல்லாச் செலவையும் ஏற்று, இந்து முறைப்படி தகனம் செய்கிறோம் என்றார்கள். கோப்பில் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். தேங்காய், பூ, சூடம் என்று ஒரு குறையுமில்லாமல் செய்தார்கள். பதினான்கு மாதம் கழித்து ஒரு பெண்மணி பேராக்கின் ஒரு தோட்டத்திலிருந்து, தம்பியின் திருமணப் படத்தை ஒரு துணிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் அவர் கேட்டார். இறந்துவிட்டாரா என்றுகூடக் கேட்கவில்லை. காட்ட ஓர் இடமில்லை. அது அவருடைய தம்பிதான் என்று நான் முகத்தை வைத்துச் சொன்னேனே தவிர, அதை உறுதி செய்ய எலும்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் வெகுநேரம் என் அறையில் உட்கார்ந்திருந்தார். போகும்போது, அப்படியானால் வேறு யாராவது ஆளாகவும் இருக்கலாம் இல்லையா ஐயா என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு அவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று நினைக்காமல் நான் அந்த மாதிரிக் கோப்பு எதையும் பின்னர் தொட்டதில்லை.

பேரிடர்களில் இறந்தோரைக் கையாள உலக அளவில் வகுக்கப்பட்ட வழிகாட்டிகளும் இதையே சொல்கின்றன. அடையாளம் உறுதியாகாத உடலை எரிக்காதீர்கள். புகைப்படம், கைரேகை, பல்வரிசை, மரபணு மாதிரி ஆகியவற்றை எடுத்து, எண்ணிட்டு, தனிக்குழியில் புதையுங்கள் என்பதே அவற்றின் அறிவுரை. புதைத்ததை உரிய அனுமதி பெற்றுத் தோண்டி எடுக்கலாம். தகனத்துக்குப் பின் திருத்துவதற்கு எதுவும் இருக்காது.

உங்கள் பெரியவரின் நிலை சற்று வேறு. அவர் யார் என்பது அட்டையில் இருக்கிறது. அவருடைய உறவுதான் தெரியவில்லை. ஆகவே சட்டமோ மருத்துவமனையோ தகனத்துக்கு அனுமதித்தால், அது தவறென்று நான் சொல்ல மாட்டேன். எப்படி வேண்டும் என்று அவரே எப்போதாவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும் என்று வாதாடியிருப்பேன். அப்படி அவர் எதுவும் சொன்னதாக நினைவில்லை என்றீர்கள். அந்த நிலையில் புதையுங்கள் என்பதே என் ஆலோசனை. நாகப்பட்டினம் பக்கம் ஓர் ஊரில், மலாயாவுக்குப் போன சித்தப்பா என்ன ஆனார் என்று இன்றும் பேசிக்கொள்ளும் ஒரு வீடு இருக்கக்கூடும். அந்த வீட்டிலிருந்து ஒருவர் என்றாவது வந்தால், நின்று கும்பிட ஒரு பிடி மண் இருக்கட்டும்.

உங்கள் கணவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். எரிப்பது ஒன்றே தமிழர் முறை என்பது சரியன்று. புதைப்பதை வழக்கமாகக் கொண்ட சமூகங்கள் நம்மில் பல உண்டு. குழந்தைகளையும் துறவிகளையும் புதைப்பதும் நம் வழக்கமே. தோட்டப்புறங்களில் நம் தாத்தா பாட்டிகளில் பாதிப் பேர் ரப்பர் மரங்களுக்கு நடுவேதான் கிடக்கிறார்கள். பத்து லஞ்சாங் இந்து மயானம் உங்கள் வீட்டிலிருந்து தொலைவில்லை. அங்கே இடம் பற்றியும் கட்டணம் பற்றியும் மயான நிர்வாகத்திடம் நேரில் கேளுங்கள். நல்லடக்கம் செய்ய உதவி தேவைப்பட்டால், 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தை அணுகி, யாரிடம் போக வேண்டும் என்று விசாரியுங்கள். ஈமச்சடங்கு நிறுவனங்களில் சில, ஆதரவற்றவர் என்று தெரிந்தால் விலையைக் குறைத்துக்கொள்ளும். எதுவானாலும் உடலை எடுப்பதற்கு முன்பே, பெட்டி, வண்டி, குழி, ஐயர் என்று தனித்தனியாக விலையை எழுதி வாங்கிவிடுங்கள்.

முருகனும் மாதாவும் ஒரே சுவரில் இருப்பதைக் கண்டு நீங்கள் குழம்ப வேண்டியதில்லை. நாகப்பட்டினத்துக்காரர் வீட்டில் வேளாங்கண்ணி மாதா இருப்பதில் வியப்பென்ன? புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு ஜூலை மாதம் மெழுகுவர்த்தியோடு போகாத இந்துக் குடும்பம் இந்த மாநிலத்தில் குறைவு. படத்தை வைத்து முடிவெடுக்காமல், அவர் நடந்துகொண்டதை நினைத்துப் பாருங்கள். அவர் நெற்றியில் எதை இட்டார், தைப்பூசத்துக்கு எங்கே போனார், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே இருந்தார்? நீங்கள் பேசியபோது, தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு ஆண்டுதோறும் நடந்தே போய் வந்ததாகவும், காலில் வலி வந்த பிறகு படியடியிலேயே நின்று கும்பிட்டதாகவும் சொன்னீர்கள். போதும். இந்து முறைப்படி செய்யுங்கள்; மாதா படத்தையும் பெட்டியில் அவரோடு வைத்துவிடுங்கள். அது அவர் தேர்ந்தெடுத்துச் சுவரில் மாட்டியது. அடையாள அட்டையில் இஸ்லாம் என்று குறிக்கப்பட்டவர்களின் விஷயம் மட்டும் வேறு. அங்கே சமய இலாகாவின் முடிவு வரும் வரை அயலார் எதையும் தொடங்கக் கூடாது.

சடங்கு பற்றி நான் சொல்லக் கூடியது அனுபவத்திலிருந்து கண்டதுதான். பல நாள் குளிர்பெட்டியில் இருந்த உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்ட எண்ண வேண்டாம். மருத்துவமனையே பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லக்கூடும். மஞ்சள் நீரைத் தெளித்து, பெட்டியின் மீது வேட்டியைப் போர்த்தி, வாய்க்கரிசியை மூடிய பெட்டியின் தலைமாட்டில் இட்டால் ஐயர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். குலமும் கோத்திரமும் தெரியாதவருக்குச் சிவகோத்திரம் என்று சொல்லிச் செய்வது நீண்ட நாள் வழக்கம். முதல் பிடி மண்ணை யார் இடுவது என்று கேட்டால், நீங்கள்தான். மகன் இல்லாத வீடுகளில் மகள்கள் கொள்ளி வைப்பதை இந்த நாட்டில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மயானத்தில் எவரும் தடுத்ததில்லை. ஆறு ஆண்டு அவருக்குச் சோறு போட்ட கை வாய்க்கரிசி இடக் கூடாது என்று எந்தப் பெரியவராவது சொன்னால், அவரிடம் என் பெயரைச் சொல்லிப் பேச அனுப்புங்கள். பதினாறாம் நாள் வீட்டில் செய்யத் தயக்கமாக இருந்தால், கோவிலில் ஒரு மோட்ச தீபம் ஏற்றுங்கள். அதற்கு உறவு கேட்க மாட்டார்கள்.

குழியின் மீது ஓர் அடையாளம் கட்டாயம் இருக்க வேண்டும். மரப்பலகை இரண்டு மழையில் போய்விடும். சிமெண்டுக் கல்லில் பெயர், தகப்பனார் பெயர் தெரிந்தால் அது, இறந்த தேதி, மயானப் பதிவேட்டின் எண், இவ்வளவும் செதுக்கப்பட்டால் போதும். இந்தத் தீவில் வெஸ்டர்ன் சாலைக் கல்லறைத் தோட்டத்திலும், அருகிலுள்ள புலாவ் ஜெரெஜாக் தீவிலும், 1914 அக்டோபரில் எம்டன் கப்பல் பினாங்குத் துறைமுகத்தில் மூழ்கடித்த ரஷ்யப் போர்க்கப்பலின் மாலுமிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இங்கே அவர்களுக்கு உறவென்று ஒருவரும் இருந்ததில்லை. கல் இருப்பதால் ஒரு நூற்றாண்டு கடந்தும் ரஷ்யத் தூதரகத்தார் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம், 1942இலும் 1943இலும் சயாம் ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஜப்பானியரால் கொண்டுபோகப்பட்டவர்கள் எனக்கு நினைவுக்கு வருவார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. 415 கிலோமீட்டர் பாதை நெடுகிலும் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களுக்குத் தனிக்குழி இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. பிள்ளைகள் கடைசிவரை தேடிவிட்டு அவர்களும் போய்விட்டார்கள். என் தாய்வழித் தாத்தாவின் அண்ணன் அதில் ஒருவர்.

நல்லடக்கம் முடிந்தாலும் தேடலை நிறுத்தாதீர்கள். அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தாரா, வேறு என்ன நிலை என்பது பதிவு இலாகாவின் ஆவணத்தில் தெரிய வரலாம். தெரிந்தால் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும், நாகப்பட்டினம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதலாம். பெயர், ஏறத்தாழ வயது, கப்பல் வந்த காலம், புதைத்த இடம், உங்கள் தொடர்பு. புலனத்திலும் (வாட்ஸ்அப்) முகநூலிலும் அறிவிப்பு போடுவதாக உங்கள் மகன் சொன்னாராம். போடட்டும், ஆனால் இறந்த முகத்தின் படத்தை ஒருபோதும் பரப்பாதீர்கள். உயிரோடு சிரித்தபடி இருக்கும் படம் ஒன்று போதும். அடையாள அட்டை எண்ணையும் வெளியிடக் கூடாது. அதைத் தெரிந்துகொண்டு உறவென்று சொல்லிப் பணத்துக்காக வருகிறவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன்.

இன்னொரு நிலைக்கும் உங்களைத் தயார்ப்படுத்த வேண்டியிருக்கிறது. சில வேளை உறவினர் கிடைப்பார்கள். வர மாட்டோம் என்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் குடித்துவிட்டு அடித்த தகப்பனுக்கு நான் ஏன் வர வேண்டும் என்று ஒரு மகள் என்னிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். அவருக்கு அப்படிக் கேட்க உரிமை இருந்தது. பெரியவர் குடும்பத்தைப் பற்றிப் பேச மறுத்ததற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்திருக்கும். அப்படி யாராவது மறுத்தால் வற்புறுத்தாமல், உரிமை கோரவில்லை என்று போலீசாரிடமோ மருத்துவமனையிலோ எழுதித் தரும்படி மட்டும் கேளுங்கள். அந்தக் கடிதம் உங்கள் வேலையை எளிதாக்கும். அடக்கம் நடந்த இடத்தை அவர்களுக்கு ஒருமுறை தெரிவித்துவிட்டால் பிறகு போவதும் போகாததும் அவர்கள் முடிவு.

கடைசியாக, அவர் தங்கியிருந்த அறை. மாத முடிவில் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். போலீசாருக்குத் தெரிவித்து, அவர்கள் வந்து பார்க்கும் வரை எதையும் வெளியே வீச வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பார்க்கும்போது நீங்களும் உடனிருந்து, சுவரில் இருக்கும் அந்த இரண்டு படங்களையும் கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள். பழைய ஆட்கள் அங்கேதான் பென்சிலால் எழுதி வைப்பார்கள், வாங்கிய தேதியையும் கொடுத்தவர் பெயரையும் சில வேளைகளில் ஊரையும். பாயின் அடியில், பிஸ்கட் தகரத்தில், பழைய காலண்டரின் ஓரத்தில் ஏதேனும் முகவரி இருந்தால் போலீசாரிடம் காட்டிவிட்டுப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். தமிழ்நாட்டுக்கு எழுத வேண்டிய கடிதங்களை உங்களோடு உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.